விஜயராணி விட்ட ஏலம்

பனித்திட்டுக் கரையில் விஜயராணி ஏலம் விட ஆரம்பித்தால் ஐஸ் வண்டிக்காரர்கள் இஞ்சினை அணைத்துவிடுவார்கள். அவள் குரலோடு போட்டி போட்டு டீசலை வீணாக்குவானேன் என்றுதான். படகு கரையேறி, வலையை உதறி, மீனைத் தார்ப்பாயில் குவித்ததும், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குவியலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். கடலூர் வியாபாரி, புதுச்சேரி வியாபாரி, கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்கிற உள்ளூர்ப் பெண்கள் என்று ஒரு கூட்டமே அவளைச் சுற்றிக்கொள்ளும். யார் நிஜமாகவே வாங்க வந்தவர், யார் சும்மா விலையை ஏற்றிவிட்டு நழுவப் பார்க்கிறவர், யாருக்கு இன்று கல்யாண வீட்டு ஆர்டர் இருக்கிறது என்பதெல்லாம் முகத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் சீண்டிவிடுவாள். ரோஷம் வந்தவன் விலை ஏற்றுவான். படகுக்காரர்கள் அவளைக் கேட்டு வாங்கி ஏலத்துக்கு நிறுத்துவது இதனால்தான்.

அவள் அம்மாவும் இதே வேலை செய்தவள். சுனாமி வந்தபோது விஜயராணி ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். வீடு போனது, புத்தகப் பை போனது, அம்மாவுக்கு இடுப்பில் அடிபட்டது. பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது விஜயராணி கரையில் அம்மாவுக்குப் பதிலாக நின்றுகொண்டிருந்தாள். படிப்பு அதோடு சரி. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், “நானும் படிக்கப் போயிருந்தா இந்தக் கரையை யாரு பார்த்திருப்பாங்க?” என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பாதிதான் நம்பலாம்.

மீன் விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. மினுமினுப்பைப் பார்க்கமாட்டாள், செவுளைத் தூக்கித்தான் பார்ப்பாள். சிவந்திருந்தால் மேற்கொண்டு பேச்சு. வெளுத்திருந்தால் எவ்வளவு ஐஸ் கொட்டி மினுக்கி வைத்திருந்தாலும் ஒதுக்கித் தள்ளிவிடுவாள். இப்படிப்பட்டவள் மகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தபோது மட்டும் மினுமினுப்பில் விழுந்தாள். மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய பள்ளிக்கூடம். மஞ்சள் பஸ், கழுத்தில் டை, வாசலிலேயே “குட் மார்னிங்” சொல்ல ஓர் ஆள். வீரமணி, அவள் வீட்டுக்காரன், படகுக்குப் போகிறவன், அதிகம் பேசாதவன். அவன்கூட, “இவ்ளோ பெருசு தேவையா?” என்று கேட்டுப் பார்த்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கரையில் ஏலம் முடிந்த கையோடு, விற்பனைக் கூடையையும் தூக்கிக்கொண்டு, மகள் ஓவியாவைக் கையில் பிடித்து அந்தப் பள்ளிக்குக் கூட்டிப்போவாள். கொஞ்ச நாளில் வாசலில் நின்ற பெண்மணி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “காலையில நீங்க வராதீங்க, வேற யாரையாவது அனுப்புங்க. மத்த பேரண்ட்ஸ் ஃபீல் பண்றாங்க” என்றார், மூக்கைப் பொத்தாத குறையாக. கரையில் ஒரு வியாபாரி அரை வார்த்தை தப்பாகப் பேசினால் அவன் பரம்பரையையே இழுத்துப் பேசுகிறவள், அன்று “சரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். அதோடும் முடியவில்லை. ஓவியாவை ஜன்னலோரம் தனி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். குழந்தை வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுப் போட்டுக் கை கழுவ ஆரம்பித்தது. ஒருநாள் சங்கராக் குழம்பு ஊற்றிய தட்டைத் தள்ளிவிட்டு, “மீன் வேணாம், கை நாறும்” என்றது. விஜயராணி தூக்கி மடியில் வைக்கப் போனாள். “தொடாதம்மா, மிஸ் திட்டுவாங்க” என்று நகர்ந்துகொண்டது.

அன்று அவள் அழுத அழுகையை வீரமணி அதற்கு முன்பு பார்த்ததில்லை. மறுநாளே அந்தப் பள்ளிக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு மகளைக் கூட்டி வந்துவிட்டாள். கண்ணாடிக் கதவைத் துடைக்கிற துணிக்கு இருக்கிற அருமைகூட அங்கே ஒரு குழந்தைக்கு இல்லை என்றால், அது என்ன பள்ளிக்கூடம்?

அதற்குப் பிறகு ஓவியாவைக் கூடவே இழுத்துக்கொண்டு ஊர் ஊராக மீன் விற்றாள். அப்படித்தான் ஜோஸ்பின் மிஸ்ஸின் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தது. ஜோஸ்பின் மிஸ் பள்ளிக்கூடம் என்றால்தான் பாகூர் பக்கத்தில் ஆட்களுக்குத் தெரியும். போர்டில் வேறு பெயர் எழுதியிருக்கிறது, அதை யாரும் நின்று படித்ததில்லை. கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் ஒரு பழைய ஓட்டு வீடு, அதை ஒட்டிச் சிமெண்ட் ஷீட் போட்ட இரண்டு அறைகள், ஒரு பாதாம் மரம். அஞ்சாவது வரைக்கும் உண்டு. மிஸ்ஸும் இன்னும் சில டீச்சர்களும்தான். குடியானவர் தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

மீன் விற்கிற குரல் கேட்டு மிஸ் வெளியே வந்தார். “இன்னாம்மா, கெழங்கானா? காட்டு” என்று கூடைக்குள் கையை விட்டுச் செவுளைத் தூக்கிப் பார்த்தார். விஜயராணிக்கு அங்கேயே பாதி மனசு போய்விட்டது. பேரம் தொடங்கியது. மிஸ் விட்டுக்கொடுக்கிற ஆளாகத் தெரியவில்லை. “இந்த வெலைக்கு வாங்கினா என் வூட்டுக்காரரு என்னையும் சேர்த்து வித்துடுவாரு” என்றார். “வித்தா சொல்லுங்க மிஸ், நானே ஏலம் விட்டுத் தரேன்” என்றாள் இவள். சிரித்து முடித்தபோதுதான் புடவைக்குப் பின்னால் நின்ற குழந்தையை மிஸ் பார்த்தார்.

“இது யாரு? ஸ்கூலுக்குப் போவலியா?”

“நிறுத்திட்டேன் மிஸ்.” ஏன் என்பதையும் விஜயராணி சொன்னாள். சொல்லும்போது குரல் இறங்கிப்போனது.

“இங்க கொண்டாந்து வுடு.”

“மீன் வாடை வரும் மிஸ்.”

“என் மேல சாக்பீஸ் வாடை வருது. சேவியர் கொத்தனாரு பொண்ணு மேல சுண்ணாம்பு வாடை. பலராமன் வூட்டுப் பையன் மேல மாட்டுக் கொட்டாய் வாடை. இதுல உன் பொண்ணு வந்து உக்காந்தா இன்னா கொறைஞ்சிப் போவுது?” மிஸ் ஓவியாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். பேரம் முடியாத கிழங்கான் கூடையிலேயே கிடந்தது.

அந்த வாரமே மிஸ் ஒரு காரியம் செய்தார். கூடையிலிருந்து வகைக்கு ஒரு மீன் வாங்கித் தட்டில் பரப்பி வகுப்பில் வைத்தார். “இதெல்லாம் இன்னான்னு எனக்குத் தெரியாது, ஓவியா சொல்லுவா” என்றார். ஓவியா ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, இது காரப்பொடி, இது கானாங்கெளுத்தி, இதுக்கு முள்ளு ஜாஸ்தி, இது கொழந்தைக்கு ஆகாது என்று சொல்லச் சொல்ல, மற்றப் பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த குழந்தை, “அம்மா, குழம்பு இன்னா மீனு?” என்று கேட்டுக்கொண்டே தட்டை எடுத்து வைத்தது. விஜயராணியைப் பொறுத்தவரை பள்ளிக்கூடத்துக்கு அதற்கு மேல் பரீட்சை எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் அவள் மட்டும் அந்தப் பள்ளிக்குள் போகமாட்டாள். பழைய சூடு. எதிரே மின்கம்பத்தடியில் நின்று குழந்தையை ரோட்டைத் தாண்ட விடுவதோடு சரி. பெற்றோர் கூட்டம் என்றால் வீரமணியைத் தள்ளிவிடுவாள். அவன் போய் உட்கார்ந்துவிட்டு வந்து, “நல்லா இருந்துச்சு” என்பான். என்ன நல்லா இருந்தது என்று கேட்டால், “எல்லாம்தான்” என்பான். ஆகவே பள்ளிக்கூடத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அவள் மின்கம்பத்தடியிலேயே தெரிந்துகொண்டாள். பிள்ளைகளைக் கூப்பிட வருகிறவர்கள் அப்படியே அவளிடம் மீன் வாங்குவார்கள். வாங்கிக்கொண்டே பள்ளியைத் திட்டுவார்கள்.

திட்டுகிறவர்களுக்குத் தலைவர் பலராமன். நெல்லும் கரும்பும் போடுகிற வசதியான விவசாயி. அவர் பையன் நவீன்குமார் ஓவியாவின் வகுப்பு. “டையும் கெடையாது, ஷூவும் கெடையாது. போட்டோ எடுத்தா ஸ்கூல் புள்ள மாதிரியா கீறான்? சொந்தக்காரனுக்கு அனுப்ப முடியல” என்பார். கம்பெனி வேலைக்குப் போகிற உஷாராணிக்கு வேறு குறை. “ஹோம் ஒர்க்கே தர்றதில்லக்கா. ஆனா வூட்டுக்கு வந்ததும் கதை சொல்றேன் கதை சொல்றேன்னு ஒரே உயிரை வாங்குது, ஒரு நாடகம் பார்க்க முடியல” என்பாள். சேவியர் கொத்தனார் ஒருநாள் வெறுத்துப்போய் நின்றார். “என் பொண்ணு கேக்குது, ஏம்பா தண்ணி காய்ஞ்சா காணாமப் போவுது, சிமெண்ட் காய்ஞ்சா மட்டும் கல்லா நிக்குதுன்னு. நான் இத்தினி வருஷம் பூசறேன், எனக்குத் தோணல. இதெல்லாம் ஒரு படிப்பா?” இவர்கள் குறை சொல்கிறார்களா, பெருமை அடிக்கிறார்களா என்று அவர்களுக்கே தெரியவில்லை. இதில் பலராமனுக்கு இன்னொரு மனக்குறையும் இருந்தது. “வூட்டுக் கருவாட்டுக் குழம்பைத் தொடமாட்டேங்கிறான். ஸ்கூல் கருவாடு மாதிரி இல்லைங்கிறான். ஸ்கூல்ல ஏதுமா கருவாடு?” விஜயராணி மீனைக் கழுவுவதில் மும்முரமாக இருந்தாள். ஓவியாவின் டப்பாவும் நவீன்குமாரின் டப்பாவும் தினமும் கைமாறுவது அவளுக்குத் தெரியும்.

இப்படி ஓவியா இரண்டாவது வரைக்கும் வந்துவிட்டாள். அந்த வருஷக் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்தது. காற்று ஒரு பக்கம், தென்பெண்ணையில் வந்த வெள்ளம் ஒரு பக்கம். பாகூர் சுற்று வட்டாரமே தண்ணீரில் நின்றது. பலராமனின் கரும்பு படுத்துவிட்டது. பனித்திட்டில் படகுகள் ஒன்றோடொன்று முட்டிக் கிடந்தன. பள்ளிக்கூடத்தில் இரண்டு அறைகளின் ஷீட்டும் பறந்துபோயிருந்தது. சுற்றுச்சுவர் கேட்டோடு சாய்ந்து கிடந்தது. வகுப்பறைகளில் முழங்கால் அளவுக்குச் சேறு. பிள்ளைகள் வரைந்து ஒட்டியிருந்த படமெல்லாம் சுவரிலிருந்து உரிந்து சேற்றோடு சேறாகியிருந்தன.

வெள்ளம் வடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பெற்றோரையும் வரச் சொல்லி மிஸ் ஆள் அனுப்பினார். வீரமணி படகு இஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேறு வழியில்லாமல் விஜயராணியே கிளம்பினாள். சுவரும் கேட்டும் இல்லாததால் எது உள்ளே, எது வெளியே என்று தெரியாமல், பாதாம் மரத்தடிவரை வந்துவிட்ட பிறகுதான் உள்ளே வந்துவிட்டோம் என்று உறைத்தது. கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

மிஸ் முன்னால் ஒரு மேஜை போட்டு நின்றார். மேஜை மேல் ஒரு கட்டுக் காகிதம், ரப்பர் பேண்ட் போட்டு. முகம் வீங்கியிருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னார். “கூரையும் சுவரும் போட என் கையில தெம்பு இல்ல. நானும் எல்லா எடத்துலயும் கேட்டுப் பார்த்துட்டேன். சேத்துல உக்காரவெச்சிப் பாடம் நடத்த முடியாது. புள்ளைங்களோட வருஷம் வீணாப் போவக் கூடாது. வேற ஸ்கூல்ல சேர்க்கறதுக்கு டிசி எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். பேரைப் படிக்கிறேன், வந்து வாங்கிக்குங்க. என்னால ஆனவரைக்கும் பார்த்தேன்.”

இத்தனை நாள் டை இல்லை, ஷூ இல்லை என்று மின்கம்பத்தடியில் முழங்கிய வாயெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. உஷாராணி மூக்கை உறிஞ்சினாள். சேவியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பள்ளிக்கூடம் போனால் பக்கத்தில் இருப்பது அந்தக் கண்ணாடிக் கதவுதான். திரும்பவும் ஜன்னலோர பெஞ்சு, திரும்பவும் சோப்பு. மிஸ் முதல் பெயரைப் படித்தார். நவீன்குமார். பலராமன் எழுந்து, துண்டைச் சரிசெய்துகொண்டு, மேஜைக்கு நடந்து போய்க் கையை நீட்டினார்.

“அண்ணே, எடுக்காதீங்க.”

சொன்னது தான்தானா என்று விஜயராணிக்கே சந்தேகம். ஆனால் குரல் கரைக்குரல். பாதாம் மரத்துக் காக்கையெல்லாம் பறந்துபோயின. பலராமன் நீட்டிய கையோடு அப்படியே நின்றார்.

“ஏலம் விடாம குவியல்லேர்ந்து சரக்கெடுக்கிற பழக்கம் எங்க கரையில கெடையாது. போய் உக்காருங்க. மிஸ், அந்தக் கட்டைக் கீழ வையுங்க. அதைக் கடைசியில பார்த்துக்கலாம்.” அவள் எழுந்து முன்னால் வந்துவிட்டாள். புடவையை இழுத்துச் செருகியது கை தானாகச் செய்த வேலை. மேஜை மேலிருந்து ஒரு சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

“இன்னா ஏலம்? இன்னாம்மா சொல்றே நீ?” என்றார் பலராமன்.

“வேலைங்களை ஏலம் விடறேன். இங்க ஒருத்தர் கையிலயும் காசு இல்ல, புயல்ல எல்லாருக்கும்தான் அடி. அதனால காசுப் பேச்சே வேணாம். ஒடம்பாலயும் வூட்டுல கெடக்கிற சாமானாலயும் கேளுங்க. யாரு ஜாஸ்தி கேக்கிறாங்களோ அவங்களுக்கு. மூணு தரம் சொல்லி நான் சாக்பீஸைக் கையில குடுத்துட்டா அது உங்களோடது. அப்புறம் பின்வாங்கற பேச்சு கெடையாது. மொதல் சரக்கு, கெழக்கு ரூம்புக் கூரை.”

சேவியர் தலையைத் தூக்கினார். “நான் ஒரு நாயித்துக்கிழமை வரேங்கா.”

“சேவியரு ஒரு நாயித்துக்கிழமை. மேல யாரு? ஏம்மா, உன் வூட்டுக்காரரு வெல்டிங் பட்டறையில தான இருக்காரு? சேவியரு ஒண்டியா ஏறி வுழுந்துட்டா யாரு பதில் சொல்றது?”

இது உஷாராணிக்கு. அவள் சிரித்துவிட்டாள். “அவரு ரெண்டு நாயித்துக்கிழமை வருவாரு. பைப்பும் எடுத்தாருவாரு.”

“ரெண்டு நாயித்துக்கிழமை, பைப்போட. ஒரு தரம்...”

“நான் மூணு” என்றார் சேவியர். காது சிவந்திருந்தது. “என் ஆளுங்க ரெண்டு பேரையும் இட்டாரேன்.”

கூரை சேவியருக்குப் போனது. தோற்றுப்போன உஷாராணி அடுத்த கூரையை விடவில்லை. ஷீட்டு எங்கே என்று கேள்வி வந்தபோது, பின்னாலிருந்து ஒருவர் தன் கோழிக்கொட்டகைக்கு வாங்கி வைத்திருந்ததைக் கேட்டார். அதற்கு மேல் இன்னொருவர் மாட்டுக்கொட்டகை ஷீட்டைக் கேட்டார். மாடு கொஞ்ச நாள் மரத்தடியில் நிற்கட்டும் என்றார். விஜயராணி ஒருவரையும் சும்மா விடவில்லை. தலையைக் குனிந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். போன வாரம் மத்தி வாங்கியதை வைத்துச் சீண்டினாள். மாமியார் மெச்சிய மாப்பிள்ளை இவ்வளவுதானா என்று கேட்டாள். சாக்பீஸ் ஒவ்வொன்றாகக் கைமாறியது. மிஸ் நாற்காலியில் உட்கார்ந்து, இது என்ன நடக்கிறது என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் எவருக்கும் வேண்டாத சரக்கு வந்தது. வகுப்பறைச் சேறு. புயல் முடிந்து நாளாகி நாற்றமெடுத்துக் கிடந்தது. “சேத்தை யாரு கேக்கிறீங்க?” என்றாள். கேட்க ஆளில்லை. அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள். முன்வரிசையில் பலராமன் இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோலக் காலை நீட்டிக்கொண்டு மீசையை நீவிவிட்டார்.

“பலராமண்ணன் கேட்டுட்டாரு. ஒரு தரம், ரெண்டு தரம்...”

“நான் எங்கம்மா கேட்டேன்?”

“மீசையத் தொட்டீங்களே. எங்க கரையில பெரிய வியாபாரிங்க வாயத் தொறந்து கேக்கமாட்டாங்க, மீசையத் தொடுவாங்க. தொட்டா கேட்டதா அர்த்தம். மூணு தரம்.” சாக்பீஸ் அவர் கையில் விழுந்துவிட்டது.

பாதாம் மரத்தடியே சிரித்தது. புயலுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் அத்தனை பேர் சேர்ந்து சிரித்தது அன்றுதான். பலராமன் சுற்றிலும் பார்த்தார். எத்தனையோ ஏலம் பார்த்த மனுஷர், கோயில் மாங்காயை ரோஷத்துக்காக ஏலத்தில் எடுத்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவர். கையில் விழுந்ததைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு வராது. “சரி, போ. ஆளு அனுப்பறேன்” என்றார்.

“ஆளு செல்லாது. கேட்டவங்கதான் வரணும்.”

“நானா? சேத்துல எறங்கியா?”

“கொல்லையில எறங்காத சேறா அண்ணே?”

பலராமன் சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மற்ற ஆண்கள் அத்தனை பேரும் கையை மடியில் கட்டி வைத்துக்கொண்டார்கள். மூக்கு அரித்தால்கூடச் சொறியவில்லை. சுற்றுச்சுவர் ஏலத்துக்கு வந்தது. பெரிய வேலை. விழுந்த செங்கல்லைப் பொறுக்கி, மண் அடித்து, புதிதாக எழுப்ப வேண்டும். சேவியர் கைதூக்கப் போனார், ஏற்கெனவே எடுத்ததை நினைத்துக் கையை இறக்கிவிட்டார். வேறு கை எதுவும் எழவில்லை. விஜயராணிக்கும் சீண்டுவதற்கு வார்த்தை கிடைக்கவில்லை. சுவர் இல்லாமல் பள்ளிக்கூடம் நடத்த விடமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அப்போது பலராமன் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். விஜயராணியை நேராகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இரண்டு பக்கமும் மீசையை நன்றாக நீவிவிட்டார்.

“தெரிஞ்சிதான் தொடறீங்களா அண்ணே?” என்றாள்.

“தெரிஞ்சிதான் தொடறேன். டிராக்டரோட வரேன். கரும்புதான் படுத்துடுச்சே, வூட்டுல குந்தி இன்னா பண்றது. தரத்தைச் சொல்லு.”

அவள் தரம் சொல்லி முடிக்கும் முன்பே கைதட்டல் எழுந்துவிட்டது. அதற்குப் பிறகு பெஞ்சு, கரும்பலகை, சுண்ணாம்பு எல்லாம் ஆளுக்கு ஆள் பிடுங்கிக்கொண்டு போயின. சாக்பீஸ் டப்பா காலியானது. மேஜை மேல் அந்தக் கட்டு மட்டும் பாக்கி.

விஜயராணி அதை எடுத்தாள். ரப்பர் பேண்டைக்கூட அவிழ்க்கவில்லை, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். “கடைசிச் சரக்கு. டிசி. மொத்தக் கட்டு. யாருக்கு வேணும், கேளுங்க.”

காத்திருந்தாள். கரையில் அவ்வளவு நேரம் காத்திருக்கமாட்டாள். கேட்காமல் விட்டால் மீன் வீணாகும். இங்கே அவசரப்படவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். உஷாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். சேவியர் கையைக் கட்டிக்கொண்டார். முன்வரிசையில் பலராமனுக்கு வந்ததும் நின்றாள். அவர் அவசர அவசரமாக இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகி, மேலே உட்கார்ந்துகொண்டார்.

“ஒரு தரம்” என்றாள். “ரெண்டு தரம்.” “மூணு தரம்.”

கட்டை மிஸ்ஸின் மடியில் வைத்தாள். “யாரும் கேக்கல மிஸ். நீங்களே வெச்சிக்குங்க.” பேரத்தில் யாருக்கும் சளைக்காத ஜோஸ்பின் மிஸ் விஜயராணியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

பொங்கல் கழித்துப் பள்ளிக்கூடம் திறந்தது. சேற்றை அள்ளியது, மாட்டுக்கொட்டகை ஷீட்டு பள்ளிக்கூரை ஏறியது, பலராமன் வைத்த செங்கல் வரிசையைச் சேவியர் பிரித்துத் திரும்ப வைத்து அதனால் இருவருக்கும் வந்த சண்டை, எல்லாம் இன்னொரு நாள் பேச்சுக்கு ஆகும். ஓவியா இப்போது மூன்றாவது. பெற்றோர் கூட்டத்தில் வீரமணிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது, விஜயராணிதான் முன்வரிசை. கரையிலிருந்து நேராகக் கூடையோடு போகிறாள்.

போன கோடையில் கிருமாம்பாக்கத்தில் மீன் விற்கும்போது ஒரு பெண் கேட்டாள். வெளியூரிலிருந்து புதிதாகக் குடிவந்தவள், பையனைச் சேர்க்கப் பள்ளிக்கூடம் தேடிக்கொண்டிருந்தாள். “அந்த ஜோஸ்பின் மிஸ் ஸ்கூலு எப்படிங்க? பார்க்கச் சின்னதா இருக்குதே. நல்லா சொல்லித் தர்றாங்களா?”

விஜயராணி கூடையை இறக்கி வைத்தாள். சொல்லித் தருவது, டை, ஷூ, ஹோம் ஒர்க் எதைப் பற்றியும் பேசவில்லை.

“நான் பொறந்ததுலேர்ந்து கரையில இருக்கேன்மா. அழுகின மீனைக்கூட வித்துக் குடுத்திருக்கேன், தென்னைக்கு ஒரமா போடவாவது ஒருத்தன் கேப்பான். அந்த ஸ்கூலு டிசியை மட்டும் ஏலம் விட்டுப் பார்த்தேன். ஒருத்தரும் கேக்கல.”